ஓவர்சைட் என்றால் மேற்பார்வையா?

"மேற்பார்வைக் குழுவே சொல்லிவிட்டது, அப்புறமும் ஏன் பணம் வரவில்லை?" என்று தெரிந்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். 2025 மார்ச் மாதம். பள்ளிகளை மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடாததற்காகத் தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைப்பது நியாயமில்லை என்று, திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழு அறிக்கை கொடுத்திருந்த நேரம். அவர் கேட்டதில் தப்பில்லை. தப்பு அவர் படித்த மொழிபெயர்ப்பில். அமைச்சகங்களை இத்தகைய குழு கவனிப்பதை ஆங்கிலத்தில் ஓவர்சைட் (oversight) என்பார்கள். அதைத்தான் மேற்பார்வை என்று பெயர்த்திருந்தார்கள்.

ஓவர் என்றால் மேல், சைட் என்றால் பார்வை, ஒட்டினால் மேற்பார்வை. இலங்கை நாடாளுமன்றத்திலும் 'துறைசார் மேற்பார்வைக் குழு' என்றே வழங்குகிறார்கள்.

ஆனால் தமிழில் மேற்பார்வை பார்ப்பவர் யார்? கட்டட வேலையில் கலவை சரியில்லை என்றால் கொட்டச் சொல்பவர். அவர் சொன்னால் கொட்டியாக வேண்டும். பள்ளியில் அந்த வேலை தலைமையாசிரியருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் உரியது. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 பேர் கொண்ட நிலைக்குழுவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. துறைச் செயலரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம், அமைச்சகம் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளை அலசலாம், பரிந்துரைக்கலாம். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. இன்னொன்று, அமைச்சகத்தின் அன்றாட நிர்வாகத்துக்குள் குழு போகக் கூடாது என்று அவை விதியே சொல்கிறது. மேற்பார்வை என்பதே அன்றாட நிர்வாகம்தானே! விதி விலக்கிய வேலையையே பெயராகச் சூட்டினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

கண்காணிப்பு என்பதே சரி. சோழர் கல்வெட்டுகளிலேயே கோயில் காரியங்களுக்குக் 'கண்காணி' உண்டு. பிற்காலத்தில் அது கங்காணியாகித் தேயிலைத் தோட்டத்தில் கெட்ட பெயர் வாங்கியது உண்மை. காவல் கண்காணிப்பாளர் உத்தரவும் போடுகிறார், அதுவும் உண்மை. இருந்தாலும், 'அவனைக் கண்காணி' என்றால் பார்த்துக்கொண்டிரு என்றுதான் இன்றும் பொருள். அவனுக்கு உத்தரவு போடு என்றில்லை.

அகராதியை மட்டும் பார்த்து எழுதுவதால் வரும் வினை இது. குழு என்ன செய்கிறது என்று ஒரே ஒரு அறிக்கையைப் புரட்டியிருந்தால் போதும். ஓவர்சைட்டுக்குக் கவனப்பிசகு என்றும் பொருள் உண்டு. இதே அவசரத்தில் 'கல்விக் கவனப்பிசகுக் குழு' என்று அச்சேறிவிடுமோ என்று எனக்கு மெய்யாகவே பயம்.

ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ குழுவுக்குக் கண் மட்டும்தான், கை இல்லையா?" என்றார். ஆமாம். ஆனால் பரிந்துரையை என்ன செய்தீர்கள் என்று அரசிடம் எழுத்தில் பதில் வாங்கி, அதையும் தனி அறிக்கையாக அவையில் வைப்பார்கள்.