இரம்பொடை தாண்டினால் பழைய ஹொண்டா ஏன் இருமுகிறது?

புசல்லாவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாத்தா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஓட்டிய 90 சீசீ ஹொண்டா பல வருடமாகக் கொட்டிலில் கிடந்ததாம். அதை வெளியே எடுத்து, துரு சுரண்டி, ஃபிரேமுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ரிங் மாற்றி ஓட வைத்துவிட்டார். 6 வோல்ட் பேட்டரி, பழைய பொயின்ட் இக்னிஷன். ஹெட்லைட்டும், பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் கொயிலும் ஒரே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. கம்பளைப் பக்கம் இறங்கினால் ஒரு குறையும் இல்லை. இரம்பொடை தாண்டி லபுக்கலை ஏற்றத்தில் மட்டும் இருமத் தொடங்குகிறது, இழுவை போய்விடுகிறது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருக்கிறதாம். ஒரு கராஜில் வயரிங் கோளாறு என்றார்கள். இன்னொரு பாஸ் எயார் ஃபில்டர்தான் என்று சத்தியம் செய்தார். வீட்டில் அம்மாவோ, இரம்பொடை அனுமார் கோயிலில் நிறுத்திக் கும்பிடாமல் போவதால்தான் என்கிறார். ஹாண்டிலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் ஏற்கெனவே தொங்குகின்றன.

மூன்று பேர் சொல்வதையும் நான் தள்ளிவிடமாட்டேன். அம்மா காரணத்தைத்தான் தவறாகச் சொல்கிறார். இடத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார். அந்த இடத்தில் உண்மையிலேயே சில விஷயங்கள் மாறுகின்றன.

முதலில் காற்று. லபுக்கலை ஏற்றம் போய்ச் சேரும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் அந்த இழப்பில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கொழும்பில் 29 பாகை, நுவரெலியாவில் 16 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டால், மேலே காற்றின் அடர்த்தி கீழே உள்ளதில் 84 சதவீதம் அளவில் வரும். அதாவது என்ஜின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 16 சதவீதம் காற்று குறைவு. வலு குறைவது இதனால். ஆனால் இருமலுக்கு இது மட்டும் காரணமில்லை. பெற்றோலும் அதே அளவில் குறைந்திருந்தால் என்ஜின் சோம்பலாக ஓடுமே தவிர இருமாது. பெற்றோல் அப்படிக் குறைவதில்லை. ஏன் என்று கேட்டால், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டருக்குள் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

என்ஜின் பெற்றோலை உறிஞ்சுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் அதை வானம் தள்ளுகிறது. காபரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் மிதவை ஒன்று பெற்றோலை எப்போதும் ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. அந்தக் கிண்ணத்தின் மேல்பக்கத்தில், பலர் கவனிக்காத சின்னத் துளை ஒன்று உண்டு. அதன் வழியாக வெளிக்காற்றின் முழு அமுக்கமும் பெற்றோலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கம், காற்று போகும் குழாய் நடுவில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அமுக்கம் குறையும். பள்ளிக்கூடத்தில் படித்த பேர்னூலி தத்துவம்தான். ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வரும் பெற்றோல் அந்த இடத்தில்தான் வெளியே வருகிறது. கிண்ணத்தில் அமுக்கம் கூட, குழாயின் ஒடுக்கத்தில் குறைவு. அந்த வித்தியாசம் எவ்வளவோ அதற்கேற்ப பெற்றோல் மேலே ஏறித் தூறலாக விழுகிறது. செவ்விளநீரை ஸ்ட்ரோவில் குடிக்கும்போதும் நடப்பது இதுதான்: நாம் வாய்க்குள் அமுக்கத்தைக் குறைக்கிறோம், ஏற்றிவிடுவது வெளிக்காற்று.

இப்போது உயரத்துக்கு வாருங்கள். காற்றின் அடர்த்தி 16 சதவீதம் குறைந்தால், அதே வேகத்தில் அமுக்க வித்தியாசமும் 16 சதவீதம் குறையும். ஆனால் ஜெட் துளையால் போகும் பெற்றோல் அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்குத்தான் கட்டுப்பட்டது. 0.84 இன் வர்க்கமூலம் 0.92. ஆகவே காற்று 16 சதவீதம் குறைய, பெற்றோல் 8 சதவீதம் மட்டுமே குறைகிறது. மிச்சம் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது. காற்றோடு ஒப்பிட்டால் கலவையில் பெற்றோல் சுமார் 9 சதவீதம் அதிகம். எரியாத கரி பிளக்கில் படிவது இதனால்.

சரி, ஃபில்டருக்கு இதில் என்ன வேலை? அந்தச் சின்னத் துளையை மறந்துவிடாதீர்கள். பல பழைய பைக்குகளில் அது வெளிக்காற்றைப் பார்த்துத் திறந்திருக்கும். ஃபில்டருக்கு உட்பக்கம் இணைத்திருக்கமாட்டார்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் குழாய்க்குள் அமுக்கம் இன்னும் இறங்கும், கிண்ணத்தின் மேல் இருக்கும் அமுக்கமோ அசையாது. உதாரணத்துக்கு, ஒடுக்கத்தில் உறிஞ்சும் அமுக்க வித்தியாசம், தண்ணீரை 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏற்றும் அளவு என்று வைத்துக்கொள்வோம். அழுக்கு ஃபில்டர் இன்னொரு 4 சென்ரிமீற்றர் சேர்க்கிறது. 20 ஆக இருந்தது 24 ஆகிறது; வர்க்கமூலம் எடுத்தால், அதே காற்றுக்கு 9 சதவீதத்துக்குச் சற்று மேல் பெற்றோல் அதிகம். கம்பளையில் நின்றாலும் காபரேட்டர் தான் நுவரெலியாவில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது! அதே ஃபில்டரோடு உண்மையாகவே நுவரெலியா ஏறினால் இரண்டும் பெருகி 19 சதவீதம் வரும். 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்றிருந்த கலவை, 11 பங்குக்கு ஒன்றாகிவிடும். பிளக் கறுக்காமல் என்ன செய்யும்?

வாசகர் பழைய கடதாசி ஃபில்டர் இற்றுப்போனதால் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை வெட்டி வைத்திருக்கிறாராம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதற்காக ஃபில்டரே இல்லாமல் ஓட்டவும் வேண்டாம். ரோட்டுத் தூசியில் இருக்கும் குவாட்ஸ் மணல் சிலிண்டரை அரைத்துவிடும். ஃபில்டருக்கென்று விற்கும் ஃபோம் வாங்கி, அதற்குரிய எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். ஃபோமின் துளைகள் தூசியைவிடப் பெரியவை. வளைந்து வளைந்து போகும் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் தூசி சுவரில் மோதுகிறது, எண்ணெய் அதைப் பிடித்து வைக்கிறது. எண்ணெய் இல்லையென்றால் மோதிய தூசி மறுபடி கிளம்பிவிடும். மூடுபனித் தண்ணீரே ஃபில்டரை அடைத்துவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு கன மீற்றர் மூடுபனியில் பெரும்பாலும் அரைக் கிராமுக்கும் குறைவான தண்ணீர்தான் இருக்கும். இந்தச் சின்ன என்ஜின் அரை மணி நேரம் முழு மூச்சாக ஓடினாலும் உள்ளே போவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

ஆனால் மூடுபனி வேறொரு வழியில் மாட்டுகிறது. லபுக்கலைப் பக்கம் பனி இறங்கியதும் நாம் என்ன செய்வோம்? ஹெட்லைட்டைப் போடுவோம்.

பைக்கில் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் ஃபிரேம் வழியாகத்தான் திரும்பி வருகிறது. அதைத்தான் ஏர்த் என்கிறோம். வாசகர் புதுப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் ஏர்த் வயரின் போல்ட்டையும் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருப்பார் என்பது என் ஊகம். அழகாகப் புதுப்பித்த பைக்குகளில் அடிக்கடி காணும் கோளாறு இது. அந்த இடத்தில் 0.15 ஓம் தடை இருந்தால் போதும். 24 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். ஓமின் விதிப்படி 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும். பத்தில் ஒரு பங்கு! அதே தடை, அதே விளக்கு, ஆனால் 12 வோல்ட் பைக் என்றால் இழப்பு 0.3 வோல்ட், நாற்பதில் ஒரு பங்கு. 12 வோல்ட்டில் பழகிய கைகள் 6 வோல்ட் வயரிங்கில் தடுமாறுவது இதனால்தான். இழை விளக்கின் ஒளி வோல்ட் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும். 10 சதவீத வோல்ட் போனால் ஏறக்குறைய 30 சதவீத வெளிச்சம் போகும்.

விளக்கும் கொயிலும் அந்த ஒரே ஏர்த்தைப் பங்குபோடுகின்றன. விளக்கு போட்டதும் கொயிலுக்குக் கிடைக்கும் வோல்ட்டும் விழுகிறது. கொயிலில் சேரும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். மின்னோட்டம் பத்து சதவீதம் குறைந்தால் தீப்பொறியின் சக்தி 19 சதவீதம் குறையும். உயரத்தில் சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு என்பதால் பொறி பாய்வது சற்று எளிதுதான். ஆனால் கரி படிந்த பிளக்கில் மின்சாரம் பொறியாகப் பாயாமல் கரி வழியாகவே கசிந்து ஓடிவிடுகிறது. கரிக்குக் காரணம் காற்று, பொறி பலவீனமானதற்குக் காரணம் வயர். இரண்டும் சந்திக்கும் இடம் இரம்பொடைக்கு மேலே.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கம்பளையில் வெயிலிலேயே ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டுங்கள், இருமினால் வயரிங். பனியில்லாத பகலில் லைட் போடாமல் லபுக்கலை ஏறுங்கள். அப்போதும் இருமினால் கலவை. அப்புறம் மல்டிமீட்டர். அதன் பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். அந்தச் சோதனையில் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் அனுப்புகிறது. ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை ஹெட்லைட்டின் ஏர்த்திலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.1 ஐத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, பளபளப்பான இரும்பு தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டுங்கள்.

இதை எழுதும்போது ஒரு ஆதங்கம். தோட்டப் பாடசாலைகளில் ஓமின் விதியைப் பாடமாக்கி ஒப்பிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் ஒரு மல்டிமீட்டர் கிடைத்திருக்கும்? ஆய்வுகூடக் கட்டடத் திறப்பு விழாவுக்குச் செலவாகும் பணத்தில் வகுப்புக்கு நாலைந்து வாங்கலாம்.

ஜெட்டை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார். 9 சதவீதத்தைச் சரிக்கட்ட துளையின் விட்டம் நாலரை சதவீதம் குறைந்தால் போதும், 0.80 மில்லிமீற்றர் துளைக்குப் பதில் 0.76. நுவரெலியாவிலேயே குடியிருப்பவருக்கு அது சரி. நீங்கள் புசல்லாவையிலிருந்து வாராவாரம் கம்பளைக்கு இறங்குகிறவர். அந்த ஜெட்டோடு கீழே முழு திறப்பில் ஓட்டினால் பெற்றோல் போதாமல் என்ஜின் சூடேறும். ஜெட்டை அப்படியே விட்டுவிட்டு, ஃபில்டரையும் ஏர்த்தையும் முதலில் பாருங்கள்.