மூசிம், மான்சூன், பருவக்காற்று

ஜூலை மாதம். மலேசியாவின் மேற்குக்கரை ஊரான பந்திங் கடைத்தெருவில் வேனை ஓரமாக நிறுத்தி டுரியான் விற்கும் தம்பியிடம் விலை கேட்டேன். "இப்ப மூசிம்ண்ணே, மலிவுதான். அடுத்த மாசம் வந்து கேட்டீங்கன்னா நானே இருக்க மாட்டேன்" என்றான். வேனுக்குள் வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது: தென்மேற்குப் பருவமழைக் காலம் என்பதால் புகைமூட்டம் நீடிக்கலாமாம். தம்பி வானத்தை அண்ணாந்து பார்த்தான். பத்து நாளாக ஒரு சொட்டு இல்லை. சுமத்ராவில் எரியும் காட்டின் புகை செம்பனைத் தலைகளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. "எந்த ஊர்லண்ணே மழை?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் 'மான்சூன்' என்ற சொல்லின் கதைக்குப் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தம்பி சொன்ன மூசிமும், அதாவது பழக்காலமும், செய்தியில் 'பருவமழை' ஆகிப்போன மான்சூனும் ஒரே சொல்தான்.

அரபியில் 'வசம' என்றால் அடையாளம் இடுவது, ஒட்டகத்துக்குச் சூட்டுக்குறி போடுவதைப் போல. அதிலிருந்து வந்தது 'மவ்சிம்': இன்னதற்கு என்று குறித்து வைத்த காலம். அறுவடைக்காலம், சந்தை கூடும் காலம், ஹஜ்ஜுக்காலம் எல்லாமே மவ்சிம். கடலோடிகளுக்கோ, இன்ன துறைக்குப் பாய் விரிக்கக் காற்று தோதாக இருக்கும் காலம்.

அங்கிருந்து சொல் இரண்டு வழியில் நம்மிடம் வந்தது. முதல் வழி நேர்வழி. அரபு, முஸ்லிம் வணிகர்களோடு வந்து மலாயில் 'மூசிம்' ஆயிற்று. பழத்துக்கும் மூசிம், மழைக்கும் மூசிம், பந்துப் போட்டிக்கும் மூசிம். தோட்டத்துத் தமிழ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ரம்புத்தான் மூசிம் என்போம், தை பிறந்தால் கல்யாண மூசிம் என்போம். இரண்டாவது வழி சுற்றுவழி. இந்தியப் பெருங்கடலுக்கு வந்த போர்த்துக்கீசியர் அரபுச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்ப 'மொன்சாவ்' என்றார்கள். டச்சுக்காரர் அதை இன்னொரு விதமாகத் திருகினார்கள். 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் 'மான்சூன்' வந்துவிட்டது. அது திரும்பவும் மலாய்க்குள் நுழைந்து 'மொன்சுன்' ஆனது. மூசிம் என்ற பேரில் வாசல் வழியாக வந்த விருந்தாளி, கொல்லைப்புறமாக இன்னொரு தடவை வந்து உட்கார்ந்துகொண்டது மாதிரி.

இந்தப் பயணத்தில் எங்காவது மழை இருக்கிறதா? கிடையாது. காலம் இருக்கிறது, காற்று இருக்கிறது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த பிறகு அங்கே இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர், ஒரு பருவக்காற்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் என்று அந்த ஊரைப் பற்றி எழுதினார். நாகப்பட்டினத்துக் கப்பலும் குஜராத்திக் கப்பலும் ஒரு காற்றில் வந்து, அடுத்த காற்று திரும்பும்வரை அங்கேதான் கிடந்தன. மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பெண் கட்டிக் குடும்பமாகிப் போன கதைதான் மலாக்காச் செட்டிகளின் கதை. மலாய்க்காரர்கள் தங்கள் தீவுகளைக் 'காற்றுக்குக் கீழே உள்ள நாடு' என்றும், இந்தியா, அரபு நாடு பக்கத்தைக் 'காற்றுக்கு மேலே உள்ள நாடு' என்றும் சொன்னார்கள். அந்தக் கணக்கில் நாமெல்லாம் காற்றுக்கு மேலேயிருந்து வந்தவர்கள்.

சரி, மழை எப்போது ஒட்டிக்கொண்டது? இந்தியக் கரையில். அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஜூனில் கொட்டித் தீர்க்கும். உழவனுக்குக் காற்றின் திசை எதற்கு? அவனுக்கு வேண்டியது மழை. எனவே 'பருவமழை' என்ற சொல் அங்கே பொருத்தமாக உட்கார்ந்தது. நம் முன்னோர் அதைத் தகரப்பெட்டிக்குள் வைத்து இங்கே கொண்டுவந்தார்கள். பெட்டி வந்தது, மலை வரவில்லை.

இங்கே நிலவரமே வேறு. மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை வீசுவது தென்மேற்குக் காற்று. அது நம்மை எட்டுவதற்குமுன் சுமத்ராவின் பாரிசான் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. ஈரத்தில் பெரும்பங்கை அங்கேயே இறக்கிவிட்டு, வருகிற வழியில் புகையை ஏற்றிக்கொண்டு வருகிறது. நம் மேற்குக்கரைக்கு அதுதான் வறண்ட காலம். நவம்பரிலிருந்து மார்ச்வரை வீசும் வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலில் நீரை மொண்டுவந்து கிழக்குக்கரை மாநிலங்களான கிளந்தான், திரங்கானு, பகாங்கில் கொட்டுகிறது. தீபகற்பத்தின் நடுவே நிற்கும் தித்திவங்சா மலையைத் தாண்டி நம் பக்கம் வருவதற்குள் அதற்கும் வேகம் குறைந்துவிடுகிறது. நமக்கு மழை கூடுவது காற்று திசை மாறும் இடைவெளியில்தான்: ஏப்ரல், மே, மறுபடி அக்டோபர், நவம்பர். பிற்பகலில் இடி, அப்புறம் கொட்டு.

இதை எங்கள் வீட்டில் வானிலை அறிக்கை பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டை நனைந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரத்தைச் சுற்றி வழியும், அன்றைக்கு வெட்டு இல்லை. தீபாவளிக்கு முந்தைய சம்பளம்தான் வருடத்திலேயே மெலிந்த சம்பளமாக இருக்கும். இடைப்பருவம் என்ற சொல் தெரியாமலே அதன் பொருள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் விளையாட்டில்லை. வடகிழக்குக் காற்று வலுக்கும்போது கிழக்குக்கரையில் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அலை 3.5 மீட்டர்வரை எழும். சிறு படகுகள் கரையேறிவிடும், பெர்ஹெந்தியான் தீவில் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அதே நாளில் நம் மேற்குக்கரையின் மோரிப் கடற்கரையில் பிள்ளைகள் சேற்றில் விளையாடிக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் மலாக்கா நீரிணைக்கு இரண்டு பக்கமும் நிலம் காவல். நீரிணைப் படகுக்காரன் பயப்படுவது 'சுமத்ரா' என்று பேர் வாங்கிய வேறொரு காற்றுக்கு. தென்மேற்குப் பருவத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும், விடியலுக்குச் சற்று முன்னால், மேற்கே கரும்பட்டையாக எழுந்து வரும். ஒன்றிரண்டு மணி நேரம் சூறையாடிவிட்டுப் போய்விடும். வறண்ட பருவத்தில் திடீரென்று நனைவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

தமிழில் என்ன சொல்வது? காற்றுக்குப் பேர் வைப்பதில் நமக்குப் பஞ்சமே இல்லை. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. ஈழத்து மீனவர் தென்மேற்குக் காற்றைச் சோழகம் என்பார்கள். சிலப்பதிகாரத்தில் அகிலும் கருப்பூரமும் ஏற்றிய கப்பல்களோடு கூடவே வந்து கொண்டல் மதுரைக்குள் நுழைகிறது. கருப்பூர மரம் சுமத்ரா, போர்னியோ, மலாயாக் காடுகளில் வளர்வது. அந்தக் காற்று நம் பக்கத்துச் சரக்கோடுதான் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வடகிழக்குக்கு 'வாடை', தென்மேற்குக்குச் 'சோழகம்' என்று சூட்டிவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். நடக்காது. பந்திங்கில் வாடை என்றால் ரப்பர் ஒட்டுப்பால் ஸ்டோரிலிருந்து வரும் நாற்றம். மூக்கைப் பொத்துவார்களே தவிர திசையைப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே 'பருவக்காற்று' போதும். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று. மழை வந்தால் மழையைத் தனியாக எழுதலாம். மலாயில்கூடக் கிழக்குக்கரை மழைக்காலத்துக்கு 'தெங்குஜு' என்று தனிச்சொல் இருக்கிறது. அதை மட்டும் பருவமழை என்றால் தப்பில்லை. நடுவில் வருவதைப் பருவ மாற்றக் காலம் எனலாம்.

மூசிமை நான் தொட மாட்டேன். 'டுரியான் பருவம்' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பழம் வயதுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.