ஊர் பார்த்துக்கொள்ளும் என்று அரசை அனுப்பிவிடலாமா?

"அரசு உதவித்தொகை, இலவசம் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அந்தந்த ஊர் ஏழையை அந்தந்த ஊரே பார்த்துக்கொள்ளட்டும்." இந்தப் பேச்சை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்களில் பலர் உண்மையிலேயே நல்லவர்கள். அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுப்பவர்கள், பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருபவர்கள். அவர்கள் சொல்லும் காரணங்களையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியும். இடையில் கமிஷன் இல்லை. சான்றிதழ் கேட்டு அலையவிடுவதில்லை. கேட்ட அன்றைக்கே காசு கைக்கு வருகிறது.

டெல்டா மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். சிகிச்சைக்கு வழியில்லாதவர்களுக்கு வழி தேடித் தருவதுதான் வேலை. காப்பீட்டுத் திட்டம், உதவித்தொகை, அறக்கட்டளை, தெரிந்த கடைக்காரர் என்று எல்லாக் கதவையும் தட்டுகிறேன். தனியார் உதவி இல்லாமல் என் வேலை ஒரு வாரம்கூட ஓடாது. அப்படியிருந்தும் சொல்கிறேன்: ஊர் உதவியை நம்பி அரசு உதவியை எடுத்துவிட்டால், முதலில் தவித்துப்போகிறவர்கள் நெடுநாள் நோயாளிகளும், ஊருக்குப் பிடிக்காதவர்களும்தான்.

நெடுநாள் நோய் என்றால் என்னவென்று டயாலிசிஸ் வார்டில் தெரியும். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காவிட்டால் உயிர் உள்ளவரை. தீபாவளி, பொங்கல் என்று விட்டுவிட முடியாது.

எங்களிடம் வரும் கொத்தனார் ஒருவருக்கு அவருடைய ஊரே திரண்டு உதவியது. டீக்கடையில் உண்டியல் வைத்தார்கள். இளைஞர் மன்றம் வாட்ஸ்அப்பில் போட்டோவும் ஜிபே நம்பரும் போட்டது. சிங்கப்பூரில் இருக்கும் பையன்கள் அனுப்பினார்கள். திருவிழாக் கணக்கில் மிஞ்சியதைக் கோயில் கமிட்டி கொடுத்தது. அந்தப் பணத்தில் தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் தொடங்கியது. முதல் மாதம் குறையில்லை. இரண்டாவது மாதம் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த மாதம் உண்டியலில் சில்லறைதான் இருந்தது. வாரம் மூன்று முறை என்றிருந்ததை அவர்களாகவே ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டார்கள். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு வாங்க, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "மேடம், இப்பல்லாம் நான் தெருவுல வந்தாலே எதிர்ல வர்றவங்க அந்தப் பக்கமாத் திரும்பிக்கிறாங்க. அவங்க மேல தப்பு இல்ல. எத்தன தடவதான் குடுப்பாங்க?"

அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கும் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான். ஒரு நிமிஷ இரக்கத்தில் ஐந்நூறு ரூபாய் கொடுக்க எல்லோராலும் முடியும். ஒரே மனிதருக்கு, ஒரே நோய்க்கு, ஐந்து வருஷம் மாதாமாதம் கொடுக்க யாராலும் முடியாது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் வைத்து அந்தக் கொத்தனாரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தோம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, ஆட்சி மாறியும் பெயர் மாறியும் இன்றும் ஓடுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, டயாலிசிஸும் அதில் அடக்கம். இப்போது அவர் தவறாமல் வருகிறார். உண்டியல் வைத்த அதே இளைஞர்கள்தான் முறைவைத்து அவரை பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஊரால் இதை எத்தனை வருஷத்துக்கும் செய்ய முடியும்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். பணம் தேவைப்படுகிறவர் ஆட்டுக்கறி விருந்து வைப்பார், உறவும் ஊரும் வந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதும். லட்சக்கணக்கில் சேரும். கடை வைக்க, போர் போட, பெண்ணைக் கட்டிக்கொடுக்க அந்தப் பணம் உதவும். யார் எவ்வளவு என்று நோட்டில் இருக்கும். மொய் எழுதியவர்கள் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு சமூகம் தனக்குத்தானே உதவிக்கொள்ள இதைவிட நேர்த்தியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்த நோட்டில் பெயர் ஏற வேண்டுமானால் திருப்பிச் செய்யும் சக்தி வேண்டும். புருஷனை இழந்து, நூறு நாள் வேலையை நம்பி இருக்கும் பெண் பத்திரிகை அடிக்க முடியாது. கூப்பிட்டாலும் வருவதற்கு ஆள் இருக்காது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் என்று தென்னையை நம்பியிருந்த அத்தனை ஊரும் ஒரே இரவில் சாய்ந்தன. அதுவரை மற்றவர்களுக்குக் கொடுத்துவந்த தோப்புக்காரரும் மறுநாள் தார்ப்பாய்க்கு வரிசையில் நின்றார். உள்ளூர் உதவியின் பெரிய பலவீனம் இதுதான். வறட்சி, வெள்ளம், புயல், தொற்றுநோய் எது வந்தாலும் கொடுக்கிறவர், வாங்குகிறவர் இருவரையும் சேர்த்தே அடிக்கிறது. கூட்டமாகத் தேவை வரும் நாளில் ஊரின் கை காலியாக இருக்கிறது. வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது, மறக்க முடியாது. அதில் பெரும்பகுதி மெயின் ரோட்டு ஊர்களிலேயே இறங்கிவிட்டது. உள்ளே தள்ளி இருந்த குடியிருப்புகள் காத்துக்கிடந்தன. அரசும் அன்று தாமதமாகத்தான் வந்தது, மக்கள் சாலை மறியல் செய்த பிறகே பல இடங்களில் அதிகாரிகள் எட்டிப் பார்த்தார்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு வெட்டி அகற்றும் கூலியோடு சேர்த்து 1,100 ரூபாய் என்ற இழப்பீடும் போதாதுதான். ஆனால் அந்தப் பணம் புயல் தொடாத மாவட்டங்களின் வரியிலிருந்தும் வந்தது. உள்ளூர் உண்டியலுக்கு அந்த வழி கிடையாது.

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்றால் பணம் கொட்டுகிறது. குடித்துக் குடித்து ஈரல் கெட்டவருக்கு யாரும் பத்து ரூபாய் தருவதில்லை. அவருடைய பெண் ஏழாவது படிக்கிறாள் என்பது கேட்கிறவர் காதில் ஏறுவதில்லை. புருஷனை விட்டு வந்து தனியாக இருக்கும் பெண்ணுக்கு உதவி கேட்டபோது, "அந்தப் பொண்ணு சரியில்லைங்க, வேற யாருக்காவது கேளுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. ஊருக்குள் ஒரு நியாயம், காலனிக்கு ஒரு நியாயம் என்று இருக்கிற இடத்தில், அந்த ஊர்ப் பெரியவர்கள் கையிலேயே காலனிக்காரரின் சோற்றையும் மருந்தையும் ஒப்படைக்கச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடையில் கார்டை நீட்டினால் ஒழுக்கச் சான்றிதழ் கேட்பதில்லை. எடை குறைந்தால் சண்டை போடலாம். தர்மமாக வாங்கும் அரிசியில் எடையைப் பற்றிப் பேச முடியுமா?

காசநோய்ப் பிரிவில் இந்த இரண்டு வகை உதவியும் அருகருகே நடக்கிறது. நோயாளியின் வங்கிக் கணக்குக்கு அரசு நேரடியாக ஊட்டச்சத்துப் பணம் போடுகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000. பல மாதம் பிந்தி வருவது உண்டு, அதற்காக நாங்கள் போராடுகிறோம். 2022-லிருந்து 'நிக்‌ஷய் மித்ரா' என்ற பெயரில் தனியாரும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பொருள் தருகிறார்கள். பருப்பு, கடலை, எண்ணெய் எல்லாம் நல்ல பொருள்தான், பல வீட்டில் எடை ஏறியிருக்கிறது. ஆனால் பையைக் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி பையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வங்கிக்கு வரும் பணத்தை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தத்தெடுப்பவர்களிடம் நான் கையெடுத்துக் கேட்பது ஒன்றுதான்: படம் வேண்டாம்.

ஊர்ப் பங்களிப்பில் ஓடிய பெரிய திட்டம் ஒன்று நமக்கே இருந்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது அது ஊராரின் கொடையில்தான் நின்றது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். பிறகு அரசு கை கொடுத்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்றால் அதில் ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர். நம் தாத்தா பாட்டிகள் பலர் அந்தச் சோற்றில் படித்தவர்கள். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில், வீட்டுக்கு ஒரு பிடி என்று சேரும் பிடியரிசி எங்கிருந்து வரும்? கொடுக்க ஆளில்லாத ஊர்ப் பிள்ளைதான் அதிகப் பசியோடு இருப்பாள். 1982 ஜூலை 1-ல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அரசு முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவும் வந்துவிட்டது. கொடையாகத் தொடங்கியது ஒவ்வொரு படியாக உரிமையாக மாறிய கதை இது. இதைத் திருப்பி ஓட்டச் சொல்கிறவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைக்கு முதலில் தட்டு காலியாகும் என்று சொல்ல வேண்டும்.

வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி, மதம், காரணம் எதுவும் கேட்காமல் சோறு போடும் இடம். தனியார் தர்மத்தில் அதற்கு மேல் ஒரு உயரம் கிடையாது என்றே நினைக்கிறேன். அதுவும் வடலூருக்கு வந்து சேர முடிந்தவருக்குத்தான் போட முடியும். நடக்க முடியாத கிழவி தன் ஊரில் எங்கே போவாள்?

அரசுத் திட்டத்தின் குறைகளை நான் மூடி மறைக்கவில்லை. அவற்றோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். முதியோர் உதவித்தொகை 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில்தான் 1,200 ஆனது. அதில் எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். மகன் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்படும் கிழவிகள் இருக்கிறார்கள். அந்த மகன் திருப்பூருக்குப் போய்ப் பத்து வருஷமாகி, ஒரு போன் கூடச் செய்யாதவனாக இருப்பான். கைரேகை விழவில்லை என்று ரேஷன் மறுக்கப்பட்டவர்களும் உண்டு. இதெல்லாம் கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இங்கே கோபப்பட ஒரு இடம் இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், முதலமைச்சர் உதவி எண்ணான 1100-க்குப் போன் செய்யலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்கலாம், ஓட்டு கேட்டு வருபவரை நிறுத்தி வைத்துக் கேட்கலாம். கொடுப்பதை நிறுத்திவிட்ட ஒரு கொடையாளரிடம் எந்தக் கிழவி போய் ஏன் என்று கேட்பாள்?

சரி, கொடுக்க மனமும் பணமும் உள்ளவர்கள் என்ன செய்யலாம்? திட்டங்கள் கை வைக்காத இடங்கள் நிறைய இருக்கின்றன. நோயாளிக்குச் சாப்பாடு வார்டில் கிடைக்கும், கூட இருப்பவருக்குக் கிடைக்காது. மூன்று வாரம் வார்டில் கிடந்தால் மூன்று வாரக் கூலி போகும், வீட்டில் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. டயப்பர், தண்ணீர்ப் படுக்கை, வாடகை ஆட்டோ, காப்பீட்டு அனுமதி வரும்வரை ஆகும் ஸ்கேன் செலவு. இங்கே நீங்கள் தரும் இரண்டாயிரம் ரூபாய் பெரிய பணம். அதைவிடப் பெரிய உதவி, படித்த ஒருவர் அரைநாள் கூடவே அலைவது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணை எழுதிவைத்து, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் அட்டை எடுத்துக் கொடுப்பது. உங்கள் ஊர் மன்றத்தில் இதற்கென்றே இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை விபத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வருமான வரம்பு கிடையாது, காப்பீட்டு அட்டையும் தேவையில்லை, வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. இது தெரியாமல் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டு வருகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் படம் வந்தால், அனுப்புவதற்கு முன்னால் அதில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அந்த மருத்துவமனையில் அந்த சிகிச்சைக்குத் திட்டம் உண்டா என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே கேட்டுச் சொல்லலாம். அட்டை இல்லை என்றால் எடுத்துக் கொடுக்க ஒரு ஆளை அனுப்புங்கள். அப்புறம் பணத்தையும் அனுப்புங்கள், வழிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அது வேண்டியிருக்கும்.