அட்ரீனல் களைத்துவிட்டதா?

"சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், தினமும் நடக்கிறேன், ஆனாலும் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. தைராய்டும் நார்மல்." இப்படிச் சொல்லும் பெண்ணுக்கு இப்போது கேட்காமலே ஒரு பதில் கிடைக்கிறது: மன அழுத்தத்தில் ஓடி ஓடி உங்கள் அட்ரீனல் சுரப்பி களைத்துவிட்டது. 'அட்ரீனல் சோர்வு' என்ற இந்தப் பெயர் 1998இல் புழக்கத்துக்கு வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாம் களைக்கிறோம், சுரப்பி களைக்காதா?

அட்ரீனல் செயலிழந்தால் என்ன ஆகும் என்பது மருத்துவத்துக்கு 1855லேயே தெரியும். அது சிதைந்துபோனவர்களைத் தாமஸ் அடிசன் அந்த ஆண்டு விவரித்தார்: தீராத அசதி, பசியின்மை, கறுத்துப்போகும் தோல். அவர்கள் குண்டாகவில்லை, இளைத்துப் போனார்கள். எடை கூடியதற்குக் களைத்த அட்ரீனலைக் காரணம் சொல்வது கதையைத் தலைகீழாகப் பிடிப்பதுதான். 2016இல் இது தொடர்பான 58 ஆய்வுகளை அலசிய மீளாய்வும், அப்படியொரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்றே முடித்தது.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி இது. எடை 4, 5 கிராம்தான். உள்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. திடுக்கிடும்போது நெஞ்சு படபடப்பது அதனால். நம் கதைக்கு வேண்டியது வெளிப்பகுதியில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, தனக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை உசுப்புகிறது, பிட்யூட்டரி அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புகிறது. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு சேர்ந்ததும் மேலிருக்கும் இரண்டும் அடங்கிவிடும். தினசரி ஏற்ற இறக்கமும் உண்டு: கண் விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டம்.

அழுத்தம் ஓயாதபோது எடை எப்படி ஏறுகிறது? கார்டிசாலின் வேலை, அவசரத்துக்குச் சர்க்கரை தேடித் தருவது. தேவைப்பட்டால் தசைப் புரதத்தைக்கூடக் கரைத்துக் கல்லீரலில் குளுக்கோஸாக்கும். சர்க்கரை ஏறினால் இன்சுலினும் ஏறும். இரண்டும் சேர்ந்து உயர்ந்து நின்றால் கொழுப்பு சேரும் இடம் வயிறு. குடலைச் சுற்றியுள்ள கொழுப்புச் செல்களில் கார்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதிகம். போதாக்குறைக்கு, செயலற்ற கார்டிசோனைத் தாங்களே கார்டிசாலாக மாற்றிக்கொள்ளும் நொதியும் அவற்றிடம் இருக்கிறது.

பசியையும் கார்டிசால் விடுவதில்லை. 59 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், அழுத்தத்தின்போது கார்டிசால் அதிகம் எகிறியவர்கள் அன்று மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். 2014இல் வெளியான இன்னொன்றில் 58 பெண்களுக்கு 930 கலோரி உள்ள கொழுப்பான உணவு தரப்பட்டது. முந்தைய நாள் மனக்கஷ்டம் இருந்தவர்கள், அடுத்த 7 மணி நேரத்தில் மற்றவர்களைவிட 104 கலோரி குறைவாகவே எரித்தார்கள். இதை வைத்து ஆண்டுக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை; தினமும் அந்தச் சாப்பாட்டையா சாப்பிடுகிறோம்? ஆனால் தூக்கம் கெட்டு, பசி கூடி, கலோரிச் செலவும் குறைந்தால் அந்தச் சில்லறை சேரத்தான் செய்யும்.

கார்டிசால் உண்மையிலேயே எக்கச்சக்கமாகச் சுரக்கும் நோயும் உண்டு: குஷிங் நோய்க்குறி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்றாலும் அபூர்வம்தான். முகம் உருண்டு, உடல் பெருக்கும். கை கால் மட்டும் மெலியும். லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா வரிகள் விழும். இவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

அதைக் கண்டுபிடிக்க ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் கொடுத்தால் போதாது. காலையில் எல்லோருக்குமே கார்டிசால் அதிகம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் குழப்பம்: கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடுவதால், நோயே இல்லாமல் ரிப்போர்ட்டில் எண் எகிறும். அதனால்தான் இரவு 11 மணிக்கு மேல் ஒரு சிறு பஞ்சுருளையை வாயில் அதக்கி, எச்சிலில் ஊறவைத்துக் குழாயில் போட்டுத் தரச் சொல்கிறார்கள். கார்டிசால் அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் அடங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு வழி, இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக் காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்பது. கார்டிசால் போலவே வேலை செய்யும் இந்தச் செயற்கை ஸ்டீராய்டைக் கண்டதும் பிட்யூட்டரி வாயை மூட வேண்டும், மூடாவிட்டால் கோளாறு.

குஷிங் அறிகுறிகளுக்கு மிகப் பொதுவான காரணம் உடம்புக்குள்ளேயே இல்லை. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு மருந்துகள்தான். மாத்திரை, மூட்டு ஊசி, நெடுநாள் தடவும் க்ரீம் எல்லாம் கணக்கில் சேரும். எடை கூடுவதற்குப் பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனநல மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு.

கடைசியில், 'அட்ரீனலுக்குப் பலம் தரும்' என்று விற்கும் மாத்திரைகள். அமெரிக்காவில் 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, ஏழில் ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. வெளியிலிருந்து கார்டிசால் வகை ஸ்டீராய்டு போதுமான அளவில் தொடர்ந்து வந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும், வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிப்போகும். அப்படியிருக்கையில் மாத்திரையைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாதக்கணக்கில் அப்படி எதையாவது சாப்பிட்டு வருபவர், தானாக நிறுத்தாமல் அந்த டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவது நல்லது.