இஸ்பேட் என்பது வாளா, மண்வெட்டியா?

இத்தாலியக் குடும்பக் கதை ஒன்றைத் தமிழ் வசன வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு முடிந்த மேசையில் தாத்தாவும் பேத்தியும் ஸ்கோப்பா என்ற இத்தாலியச் சீட்டாட்டம் ஆடுகிறார்கள். மேசையில் ஒரு மூன்றும் ஒரு நான்கும் கிடக்கின்றன. தாத்தா "ஸ்பாதே" என்று சொல்லி ஏழாம் சீட்டை இறக்கி, இரண்டையும் வாரிக்கொள்கிறார். மேசை காலி. கீழே ஓடிய தமிழ்: "மண்வெட்டி ஏழு!" சீட்டிலோ ஏழு வாள்கள் பளிச்சென்று தெரிகின்றன. இந்த மண்வெட்டியை இதற்கு முன்பும் பல மொழிபெயர்ப்புகளில் பார்த்து எரிச்சலை அடக்கிக்கொண்டவன் நான். இனி முடியாது.

இத்தாலியில் 'ஸ்பாதா' என்றால் வாள். 'ஸ்பாதே' அதன் பன்மை. ஆங்கிலத்தில் சீட்டுச் சின்னத்துக்குரிய 'ஸ்பேட்' இந்த இத்தாலியச் சொல்லிலிருந்து போனது. மண் தோண்டும் 'ஸ்பேட்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வேறொரு சொல். 'ஸ்பாத்தே' என்ற கிரேக்கச் சொல் வழியாக இரண்டுக்கும் தூரத்து உறவு உண்டு, அவ்வளவுதான்.

மண்வெட்டிக்காகப் பரிந்து பேசுவோர் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, டச்சு மொழியில் இந்தச் சின்னத்தின் பெயர் மண்வாரியைக் குறிக்கிறது. உண்மைதான். ஆனால் அது டச்சுக்காரர் கதைக்கு ஆகும், இத்தாலிய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. நம் கடைகளில் விற்கும் சீட்டுக்கட்டின் கறுப்பு இலை வடிவம் பிரெஞ்சுக்காரர் தந்தது. அவர்கள் அதை ஈட்டி என்றார்கள். மிலான் பக்கம் அதே வடிவத்தை வைத்து ஆடும் இத்தாலியரும் 'பிக்கே', அதாவது ஈட்டி என்றே சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் இத்தாலியில் அது ஆயுதம். இரண்டாவது காரணம், 'இஸ்பேட்' வேற்றுமொழிச் சொல், தமிழாக்க வேண்டும் என்பது. ஆக்குங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கில அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவது தமிழாக்கம் ஆகாது. அந்தக் கருவிக்குக்கூட மண்வெட்டி பொருந்தாது. ஸ்பேட் நேராக நின்று காலால் அழுத்தித் தோண்டுவது. நம் மண்வெட்டி காம்புக்குக் குறுக்கே அலகு வைத்து, ஓங்கி வெட்டி இழுப்பது. வயலில் ஒருநாள் நின்றவருக்கு இது தெரியும்.

இத்தாலியச் சீட்டுக்குத் தமிழ் தேடி அலையவே வேண்டியதில்லை. காசு, கிண்ணம், வாள், தடி என்று படத்தில் உள்ளதைச் சொன்னால் போதும். எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுக்கட்டிலும் காசு, கிண்ணம், வாள், போலோ மட்டை என நான்கு சின்னங்கள். சீட்டு இத்தாலிக்கு வந்த வேகத்தில் 1377இல் புளோரன்ஸ் நகரம் அதற்குத் தடையே போட்டது. போலோ மட்டை தடியானது, வாள் வாளாகவே நின்றது. இந்த இத்தாலியச் சீட்டுக்கட்டில் 40 சீட்டுகள். ஒவ்வொரு சின்னத்திலும் ஒன்று முதல் ஏழு, பிறகு சேவகன், குதிரைவீரன், ராஜா. ராணி கிடையாது, "ராணியை இறக்கினாள்" என்று எழுதுகிறவர் அந்தக் கட்டைப் பார்த்ததே இல்லை என்று பொருள்.

சின்னம் தவறினால் ஆட்டமும் புரியாது. ஸ்கோப்பாவில் காசு ஏழுக்கு 'ஸெத்தெபெல்லோ' என்று தனிப்பெயர் உண்டு. அதைப் பிடித்தவருக்கு ஒரு புள்ளி. காசுச் சீட்டை அதிகம் சேர்த்தவருக்கு இன்னொரு புள்ளி. அந்தத் தாத்தா வாள் ஏழை இறக்கும்போது பேத்தி ஏன் பெருமூச்சு விட்டாள் என்பது, காசு ஏழு இன்னும் வெளியே வரவில்லை என்று தெரிந்தவருக்குத்தான் விளங்கும். 'மண்வெட்டி ஏழு', 'டைமன் ஏழு' என்று போட்டால் படம் ஒன்றும் சொல் ஒன்றுமாகப் பார்ப்பவர் திணற வேண்டியதுதான்.

நம் வீட்டுச் சீட்டாட்டத்தில் இஸ்பேட் இஸ்பேட்டாகவே இருக்கட்டும். ஆர்ட்டின், கிளாவர் போல அது நம் வாயில் புழங்கித் தேய்ந்த சொல். போர்த்துக்கீசியத்திலும் அந்தச் சின்னம் 'எஸ்பாடா', வாள்தான்.

இன்னும் ஐயமிருந்தால் இத்தாலியின் ட்ரெவிசோ வட்டாரச் சீட்டுக்கட்டின் வாள் ஆஸை எடுத்துப் பாருங்கள். அதன் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள்: "உனக்கு நெஞ்சுரம் இல்லையென்றால் என்னை நம்பாதே."