கோபுரத்துக்குள் கரையும் மணப்பெண்: ஃபேட் எப்படி வேலை செய்கிறது?

எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒரு பக்கமாவது இப்படி இருக்கும். இடது பக்கம் மணப்பெண், வலது பக்கம் கோயில் கோபுரம், நடுவில் முந்தானை எங்கே முடிகிறது கோபுரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் ஒன்று இன்னொன்றில் கரைந்துபோயிருக்கும். இப்படிக் கரையவைப்பதற்குத்தான் ஃபேட் என்று பெயர். நானும் கொஞ்ச காலம் இந்த வேலை பார்த்தவன்தான். ஆரம்பத்தில் ஃபோட்டோஷாப்பில் எரேசரின் ஓரத்தை மெத்தென்று வைத்துக்கொண்டு தேய்த்தே ஃபேட் செய்வேன். மறுநாள் பெண்ணின் அம்மா வந்து "தம்பி, வளையல் போட்ட கை தெரியணுமே" என்றால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம்தான் மாஸ்க் பிடிபட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களில் ஒவ்வொன்றும் ஒரு லேயர். மாஸ்க் என்பது அந்த லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். அதில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மேல் படம் முழுசாகத் தெரியும், கறுப்பில் மறையும், சாம்பலில் அரைகுறையாகத் தெரியும். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் படிப்படியாக மாறும் ஒரு கிரேடியன்ட் இழுத்தால் ஃபேட் தயார். மணப்பெண் படத்தின் ஒரு பிக்சல்கூட, அதாவது ஒரு புள்ளிகூட, அழியவில்லை என்பதால், கை வேண்டுமென்றால் அந்த இடத்தில் வெள்ளை பிரஷ்ஷால் தடவினால் போதும்.

உள்ளே நடப்பது பள்ளிக்கூடக் கணக்கு. பிக்சலின் மதிப்பு 0 (கறுப்பு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை போகும். மேல் பிக்சலின் மதிப்பு 200, கீழே இருப்பது 40, மாஸ்க் அந்த இடத்தில் 25 சதவீதம் என்று வையுங்கள். 200-இல் கால் பங்கு 50, 40-இல் முக்கால் பங்கு 30, கூட்டினால் 80. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு பிக்சலுக்கும் இதே கணக்கு. அந்த 25 சதவீதத்துக்கு ஆல்ஃபா என்று பெயர். 1970-களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் கொண்டுவந்த யோசனை இது. ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்ததே 1994-இல்தான்.

கணக்கு இவ்வளவு சுலபம் என்றால் ஏன் பல ஃபேட் அசிங்கமாக இருக்கிறது? முதல் காரணம் பட்டை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மாலை வானத்தை 60-இலிருந்து 90 வரைக்கும் 3000 பிக்சல் அகலத்துக்கு மங்கவைத்தால் கையில் இருப்பது 30 படி, ஒவ்வொன்றும் 100 பிக்சல் அகலம். அது பட்டை பட்டையாகத் தெரியாமல் என்ன செய்யும்? கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், தூவினால் படியின் ஓரங்கள் சிதறிப்போய்க் கண் ஏமாந்துவிடும். படத்தைக் கெடுத்துச் சரிசெய்கிற வேலைதான், ஆனால் பலிக்கிறது.

இன்னொரு குற்றவாளி நம் கண்ணேதான். நேர்க்கோட்டு கிரேடியன்ட் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெல்லிய கோடு ஒன்று ஓடுவதுபோல் தோன்றும், பிக்சல் மதிப்பைத் தொட்டுப் பார்த்தால் அங்கே கோடே இருக்காது. வெளிச்சம் மாறும் வேகம் சட்டென்று திரும்பும் இடத்தைக் கண் மிகைப்படுத்திக் காட்டும் என்று ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-லேயே எழுதிவிட்டார். அதனால் மாஸ்க்கை இரு முனையிலும் மெதுவாக வளையவிடுங்கள், இல்லாவிட்டால் மாஸ்க்கின் மேல் கொஞ்சம் பிளர் கொடுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் சூழ்ச்சியானது. சிவப்புப் புடவை பச்சை வயலுக்குள் கரையும்போது நடுவில் அழுக்குப் பழுப்பாக ஒரு திட்டு வருகிறதே, அது ஏன்? பிக்சலில் இருக்கும் எண் வெளிச்சத்தின் அளவு அல்ல. 128 என்றால் பாதி வெளிச்சம் என்று நினைப்போம், திரையில் வருவதோ சுமார் 22 சதவீதம்தான். உண்மையான பாதிக்கு 188 வேண்டும். மென்பொருள் எண்களை அப்படியே சராசரி எடுத்தால் நடுப்பகுதி இருண்டுதான் போகும். எண்களை முதலில் வெளிச்ச அளவாக மாற்றி, கலந்து, திரும்ப மாற்றினால் அந்தத் திட்டு தெளிந்த மஞ்சளாகிவிடும். 2018-இல் வந்த கிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருளில் இப்படிக் கலக்க வழி உண்டு, இலவசம்தான், போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஓரம் மங்கிய படத்தைச் சேமிக்கும்போது ஜேபெக் கோப்பு வகையைத் தொடாதீர்கள். அதில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது, பிஎன்ஜியில் உண்டு. ஒருமுறை ஓரம் மங்கிய பிள்ளையார் படத்தை அச்சகத்துக்கு ஜேபெக்காக அனுப்பிவிட்டேன். மஞ்சள் நிறக் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரைச் சுற்றி வெள்ளைக் கட்டம். பிஎன்ஜியாக மாற்றி அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் அதற்குள் இருபது பத்திரிகை ஓடியிருந்தது.