பல கண்கள், ஒரே கடிகாரம்

பாலக்காட்டு பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில், 42 அடி நீளத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரிய, புலவர்கள் எனப்படும் கூத்துக் கலைஞர்கள் பலர் பாவைகளை ஆட்டுகிறார்கள். ஒருவர் கை மற்றவர் கையோடு பிணங்காமல் இருப்பதற்குக் காரணம், அனைவரும் ஒரே கம்பராமாயணப் பாட்டைக் கேட்டு அசைவதுதான். வீடியோ கலையில் பலர் கூடி வேலை செய்வதன் நுட்பம், பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்த எனக்கு இந்தக் கூத்துமாடத்தை நினைத்தபோதுதான் விளங்கியது.

வீடியோ, ஓவியத்தைப் போல முழுதாக ஒரே கணத்தில் நிற்கும் படம் அன்று. அது காலத்தில் ஓடும் சிக்னல். பழைய தொலைக்காட்சிப் படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை திரையை வரிவரியாகத் தடவிச் செல்லும். நம் நாட்டு முறையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 625 வரிகள், நொடிக்கு 25 ஃப்ரேம்கள். இரண்டு கேமராக்களின் சிக்னல்களைக் கலக்க வேண்டுமானால், ஒன்று முதல் வரியைத் தொடங்கும் அதே கணத்தில் மற்றதும் தொடங்கியாக வேண்டும். தவறினால் படம் உருளும், கிழியும். ஆகவே எல்லாக் கேமராக்களுக்கும் ஒரே துடிப்பு தேவைப்படுகிறது.

இதற்கு மின்னணுவியல் அறிந்த கை வேண்டும். கொரியாவில் பிறந்து இசையும் அழகியலும் படித்த, வீடியோ கலையின் முன்னோடியான நாம் ஜூன் பைக் (Nam June Paik), ஜப்பானியப் பொறியாளர் ஷூயா அபேயுடன் சேர்ந்துதான் 1969-70 காலத்தில் வீடியோ சிந்தசைசரை அமைத்தார். கறுப்பு-வெள்ளைக் கேமராக்கள் தந்த சிக்னல்களுக்கு நிறமேற்றி ஒன்றாகக் கலக்கும் கருவி அது. அபேயை உதவியாளர் என்று சொல்லிக் கடப்பது அநியாயம். மின்சுற்றுகளை அமைப்பதும் அந்தப் படைப்பின் ஒரு பாதி என்றே நான் கருதுகிறேன். பின்னர் 1984 ஜனவரி 1 அன்று பைக் நியூயார்க்கையும் பாரிஸையும் செயற்கைக்கோள் வழியாக நேரலையில் இணைத்தார். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கச் சிக்னலுக்குக் கால் நொடி ஆகும் என்பதால், இப்படிப்பட்ட இணைப்பில் இரு நகரத்தாரும் ஒரே தாளத்தைப் பிடிப்பது மிகக் கடினம்.

இன்று ஒவ்வொரு கேமராவுக்குள்ளும் குவார்ட்ஸ் கடிகாரம் இருக்கிறது. இரண்டு கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு இருந்தாலே, ஒரு மணி நேரத்தில் 36 மில்லிநொடி விலகிவிடும். ஒரு ஃப்ரேமின் அளவோ 40 மில்லிநொடிதான். ஆகவே நீண்ட பதிவுகளில் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் எல்லாக் கேமராவிலும் பதியும்படி கை தட்டி, அந்தத் தட்டலை வைத்து இரண்டு இடத்திலும் சரிபார்ப்பது நல்லது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றை இரண்டு திரைகளில் காட்ட, நானும் ஒரு நண்பரும் அப்படித்தான் பதிவுசெய்தோம். நான் பனைமரத்தடியில் கேமராவோடு நின்று கை தட்டினேன். அவர் 100 மீட்டர் தள்ளி வரப்பில் தம் கேமராவோடு நின்றார். எடிட்டிங்கில் ஒலி அலையின் கூர்முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, அவருடைய படத்தில் என் கைகள் ஏழு ஃப்ரேம் முன்னதாகவே ஒட்டிவிட்டிருந்தன. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும்; அந்த நூறு மீட்டரைக் கடக்க 0.3 நொடி எடுத்திருந்தது. எனவே ஒலியை விட்டுவிட்டு, உள்ளங்கைகள் தொடும் ஃப்ரேமைக் கண்ணால் தேடிப் பொருத்தினோம்.

அவருடைய படம் ஓடும் திரையில் ஒலி பிந்துவதைத் தனியே நகர்த்திச் சரிசெய்துவிடலாம் என்றேன் நான். அவர் இசையவில்லை. "அந்த ஏழு ஃப்ரேமும் அப்படியே இருக்கட்டும், அதுதானே நமக்கு நடுவில் இருந்த வயல்" என்றார். நகர்த்தாமல் விட்டோம்.